ஓடும் வண்டியில் ஏ.சி.: பனிக்கட்டி முதல் மின்கலம் வரை

ஒன்றரை டன் ஏ.சி. என்கிறோம், ஒரு டன் ஏ.சி. என்கிறோம். இந்த டன் எதனுடைய எடை? பொறியின் எடையாக இருக்க முடியாது. இரண்டு பேர் சேர்ந்து தூக்கி மொட்டை மாடியில் வைத்துவிடக்கூடிய பெட்டி ஒரு டன் இருக்காது. அறையில் உள்ள காற்றின் எடையும் அன்று. அது பனிக்கட்டியின் எடை.

குளிர்பதனப் பொறிகள் தோன்றுவதற்கு முன்னர் குளிர்ச்சி என்பது தராசில் நிறுத்து விற்கப்பட்ட சரக்கு. அமெரிக்காவின் வடகிழக்கில் உறைந்து கிடந்த ஏரிகளில் வெட்டியெடுத்த பனிக்கட்டிகளை மரத்தூளில் பொதிந்து, பிரெடரிக் டியூடர் என்னும் பாஸ்டன் வணிகர் 1833-இல் கல்கத்தாவுக்குக் கப்பலேற்றினார். சென்னைக் கடற்கரையில் அந்தச் சரக்கைச் சேமிப்பதற்காக 1842-இல் எழுந்த ஐஸ் ஹவுஸ் கட்டடமே இன்றைய விவேகானந்தர் இல்லம். பிற்காலத்தில் பொறிகள் வந்தபோது, அவற்றின் திறனை வாங்குவோருக்குப் பழகிய அளவையில் சொல்ல வேண்டியிருந்தது. ஒரு டன் பனிக்கட்டி 24 மணி நேரத்தில் உருகும்போது சுற்றுப்புறத்திலிருந்து எவ்வளவு வெப்பத்தை வாங்கிக்கொள்ளுமோ, அவ்வளவு வெப்பத்தை அதே நேரத்தில் வெளியேற்றும் பொறி 'ஒரு டன்' பொறி எனப்பட்டது. இந்த டன் 907 கிலோகிராம் கொண்ட அமெரிக்க டன். ஒரு கிலோகிராம் பனிக்கட்டி உருகுவதற்கு 334 கிலோஜூல் வெப்பம் வேண்டும். 907-ஐ 334-ஆல் பெருக்கி, ஒரு நாளுக்குரிய 86,400 நொடிகளால் வகுத்துப் பாருங்கள். நொடிக்கு 3.5 கிலோஜூல், அதாவது 3.5 கிலோவாட் என்று விடை வரும். வேறு விதமாகச் சொன்னால், ஒரு டன் ஏ.சி. ஒரு மணி நேரம் ஓடுவது 38 கிலோ பனிக்கட்டி உருகுவதற்குச் சமம்.

இந்த 38 கிலோவை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் ரயில் பெட்டியில் ஏறும்போது அது நமக்குத் தேவைப்படும்.

கொங்கு நாட்டில் வண்டிகளைக் கட்டுவது பரவலான தொழில். கரூரில் பஸ்களுக்குப் பாடி கட்டுகிறார்கள், நாமக்கல்லில் லாரிகளுக்கு. ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகளால் திருச்செங்கோடு நாடெங்கும் பெயர் பெற்றது. கோவையில் வேன்களை உருமாற்றும் பட்டறைகள் உண்டு. தேர்தல் நெருங்கிவிட்டால் அரசியல் தலைவர்களின் பிரசார வேன்கள் அங்கே வந்து நிற்கும். கூரை திறந்து தலைவர் மேலே எழும்ப ஒரு மேடை, ஒலிபெருக்கி, படுக்கை, கழிவறை, கூடவே ஏ.சி. என்று அந்த வேன் ஒரு சிறு வீடாகவே மாறிவிடும். படப்பிடிப்புக்குச் செல்லும் கேரவனும் ஏறக்குறைய இதே வகைதான். அண்மைக் காலமாகக் குடும்பத்தோடு ஊர் சுற்றுவதற்கென்று வேனை வீடாக்கிக்கொள்வோரும் பெருகி வருகின்றனர். அவர்கள் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "வீட்டு ஏ.சி.யையே இதில் மாட்டிவிடலாமா?" என்பது.

மாட்டுவதற்கு என்ன? நான்கு போல்ட்டு போதும். மாட்டிய பிறகு அதன் பிளக்கை எதில் செருகுவது என்பதில்தான் சிக்கல் இருக்கிறது. வீட்டில் சுவரிலே ஒரு துளை. அதற்குப் பின்னால் கம்பி, கம்பிக்குப் பின்னால் மின்மாற்றி, அதற்கும் பின்னால் எங்கோ ஓர் அணையோ அனல் மின் நிலையமோ இருக்கிறது. வண்டி கிளம்பிய மறுகணம் அந்த நீண்ட தொடர் அறுந்துபோகிறது. ஆகவே ஓடும் வண்டியைக் குளிர்வித்த வரலாறு, பெரும்பகுதி, மின்சாரத்தை வண்டியில் ஏற்றிய வரலாறாகவே அமைந்துவிட்டது.

வெப்பத்தை இறைக்கும் பம்பு

கொங்கு நாட்டு வாசகருக்கு ஏ.சி.யை விளக்குவது எளிது. அது ஒரு பம்புசெட். கிணற்றின் அடியில் இருக்கும் நீர் தானாக மேட்டுக்கு ஏறாது. மோட்டார் ஓடினால் ஏறும். அதுபோலவே குளிர்ந்த அறையில் இருக்கும் வெப்பம் தானாகச் சூடான வெளிக்குப் போகாது. அமுக்கி ஓடினால் போகும். குழாயினுள் சுற்றிவரும் குளிர்பதனப் பொருள் அறைக்குள் இருக்கும் சுருளில் ஆவியாகி வெப்பத்தை ஏந்திக்கொள்கிறது. அமுக்கி அந்த ஆவியை நெருக்கிச் சூடாக்கி வெளிச் சுருளுக்கு அனுப்புகிறது. அங்கே அது வெப்பத்தைக் கொட்டிவிட்டு மீண்டும் திரவமாகித் திரும்புகிறது. மேடு உயர உயரப் பம்பு திணறுவதைப் போல, வெளியே வெயில் ஏற ஏற அமுக்கியும் திணறும். கோடையில் தமிழகத்தின் மிக உயர்ந்த வெப்பநிலைகள் பதிவாகும் இடங்களுள் ஒன்றான கரூர் பரமத்தி, 40 டிகிரி செல்சியசைத் தாண்டும் நாளில் ஓர் ஏ.சி.யிடம் கேட்கும் உழைப்பு, கோவையின் மாலைக் காற்று கேட்பதைவிட மிகுதி.

இறைக்கும் வெப்பத்தின் அளவுக்கே மின்சாரம் வேண்டும் என்பதில்லை. 3.5 கிலோவாட் வெப்பத்தை வெளியேற்றும் ஒரு டன் பொறிக்கு ஏறத்தாழ ஒரு கிலோவாட் மின்சாரம் போதும். வீட்டில் இது பெரிய சுமை அன்று. ஒரு வேனுக்கு இது மலை.

குளிரூட்டல் என்னும் கலை மனிதருக்காகத் தோன்றியதும் அன்று. 1902-இல் வில்லிஸ் கேரியர் வடிவமைத்த முதற்பொறி நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் ஓர் அச்சகத்திற்காக. ஈரப்பதம் மாறித் தாள் சுருங்குவதைத் தடுப்பதற்காக. 'ஏர் கண்டிஷனிங்' என்னும் சொல்லை 1906-இல் வழங்கியவர் ஸ்டூவர்ட் கிரேமர். அவர் அமெரிக்காவின் வட கரோலினாவைச் சேர்ந்த நூற்பாலைப் பொறியாளர். நூல் அறாமல் ஓடக் காற்றில் ஈரம் வேண்டும் என்பது கோவை ஆலைத் தொழிலாளர் அனைவரும் அறிந்த செய்தி. அந்த வகையில் ஏ.சி. என்ற சொல் பஞ்சாலையில் பிறந்தது என்று இவ்வூர்க்காரர்கள் சற்றே பெருமை கொள்ளலாம்.

தண்டவாளம் காட்டிய வழி

இந்தியாவில் ஓடும் வண்டியைக் குளிர்விக்கும் முயற்சி ரயிலில்தான் தொடங்கியது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் முதல் வகுப்புப் பெட்டியின் சன்னலில் வெட்டிவேர்த் தட்டியைக் கட்டி நீரூற்றினார்கள். வண்டி ஓடும்போது காற்று ஈரத் தட்டியின் வழியே நுழைந்து குளிர்ந்து வரும். எரிபொருளும் இல்லை, மின்சாரமும் இல்லை. ஆனால் காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் தட்டி பயன்படாது. வண்டி நின்றாலும் பயன்படாது. இந்த இரண்டாவது குறையை மறந்துவிடாதீர்கள். வண்டி நின்றால் குளிர்ச்சியும் நின்றுவிடும் என்னும் குறை, வேறு வேறு உருவங்களில் இன்றுவரை தொடர்ந்து வருகிறது.

1934-இல் பம்பாய்க்கும் பெஷாவருக்கும் இடையே ஓடிய பிரான்டியர் மெயிலில் பனிக்கட்டியால் குளிர்விக்கும் பெட்டி வந்தது. தளத்தின் கீழே பெட்டிகளில் பனிக்கட்டிகளை அடுக்கி, மின்கலத்தால் ஓடும் விசிறி அவற்றின் மீது காற்றை வீசி உள்ளே அனுப்பியது. வழியில் குறித்த நிலையங்களில் உருகிய நீரை வடித்துவிட்டுப் புதுக் கட்டிகளை ஏற்றினார்கள். இப்போது நம் 38 கிலோவை எடுத்துக்கொள்வோம். இன்றைய ரயில் பெட்டியொன்றின் கூரையில் 7 டன் திறனுள்ள பொறிகள் இரண்டு இருக்கின்றன. அந்த 14 டன் குளிர்ச்சியையும் பனிக்கட்டியால் தர வேண்டுமானால் மணிக்கு 530 கிலோவுக்கு மேல் உருக வேண்டும். ஒரே இரவில் நான்கு டன்னைத் தாண்டிவிடும். பனிக்கட்டி ஒருவகை மின்கலம்தான்: தொழிற்சாலையில் செலவழித்த ஆற்றலை வேறோர் இடத்தில், வேறொரு நேரத்தில் பயன்படுத்த உதவுகிறது. அதன் குறை எடை. மின்கலத்தின் குறையும் அதுவேயாக இருந்தது. அதற்குப் பின்னர் வருவோம்.

1936-இல் ஏ.சி. பயணிப் பெட்டிகள் இந்திய ரயில்களில் அறிமுகமாயின. 1956-இல் ஹவுராவுக்கும் தில்லிக்கும் இடையே முழுவதும் ஏ.சி. பெட்டிகளாலான ரயில் ஓடத் தொடங்கியது. இதற்கெல்லாம் மின்சாரம் எங்கிருந்து கிடைத்தது? சக்கரத்திலிருந்து. ரயில் பெட்டியின் அச்சில் வார் மாட்டி, அடியில் தொங்கும் டைனமோவைச் சுழற்றினார்கள். விளக்குக்கும் விசிறிக்கும் முன்பே வழக்கத்தில் இருந்த முறையைத்தான் ஏ.சி.க்கும் பெரிதாக்கினார்கள். மிதிவண்டி டைனமோவில் விளக்கெரித்தவர்களுக்கு இதன் நன்மையும் தெரியும், தீமையும் தெரியும். விளக்கு எரியும்போது மிதி கனக்கும். மிதிப்பதை நிறுத்தினால் விளக்கு அணையும். ரயிலில் அந்தக் கனத்தை இழுவை எஞ்சின் தாங்கியது. நிலையங்களில் நிற்கும்போது பெட்டியின் அடியிலிருந்த மின்கல அடுக்கு கைகொடுத்தது. சிக்னல் கிடைக்காமல் நண்பகல் வெயிலில் நெடுநேரம் நிற்க நேர்ந்தால் மின்கலம் தளர்ந்து பெட்டி சூடேறிவிடும்.

இதில் இன்னொரு நுட்பம் உண்டு. அச்சில் கிடைப்பதும் மின்கலம் தருவதும் நேர் மின்னோட்டம். ஆகவே அமுக்கியை ஓட்டியதும் 110 வோல்ட் நேர் மின்னோட்ட மோட்டார்தான். அதற்குக் கரித்துண்டுகள் வேண்டும். அவை தேயும், பொறி பறக்கும், பராமரிப்பு ஓயாது. அமுக்கியும் மோட்டாரும் தனித்தனியாக இருந்து வாரினால் இணைக்கப்பட்டிருந்தமையால் குளிர்பதனப் பொருள் கசியும். வீட்டு ஏ.சி.யிலோ மோட்டாரும் அமுக்கியும் ஒரே இரும்புக் கூட்டுக்குள் பற்றவைத்து மூடப்பட்டிருக்கும். கசிவுக்கு இடமே குறைவு. ஆனால் அத்தகைய மூடிய கூட்டுக்குள் கரித்துண்டு தேயும் மோட்டாரை வைக்க முடியாது. அதற்கு மாறு மின்னோட்டத் தூண்டல் மோட்டார் வேண்டும். நேர் மின்னோட்டத்தை மாறு மின்னோட்டமாக மாற்றும் ஆற்றல்மிக்க மின்னணு இன்வெர்ட்டர்கள் கிடைக்கும்வரை ரயில்வே காத்திருக்க நேர்ந்தது. 1990-களில் அவை வந்தன. அடியில் தொங்கிய கனமான பொறி கூரைக்கு ஏறியது. எடை வெகுவாகக் குறைந்தது. நெடுஞ்சாலை வேனில் வீட்டு ஏ.சி.யை மாட்ட விரும்புகிறவர் இன்று எதிர்கொள்ளும் கேள்வியை ரயில்வே முப்பது ஆண்டுகளுக்கு முன்பே எதிர்கொண்டு விடை கண்டுவிட்டது.

1969 மார்ச்சில் புறப்பட்ட ராஜதானி விரைவு வண்டி வேறு வழியைப் பின்பற்றியது. அதில் டீசல் மின்னாக்கிகளுக்கென்றே தனிப் பெட்டி இணைக்கப்பட்டது. ரயில் நின்றாலும் குளிர்ச்சி நிற்காது. ஆனால் ஒரு பெட்டி முழுவதும் இரைச்சலுக்கும் புகைக்கும் போய்விட்டது. 2023 ஏப்ரலில் சென்னைக்கும் கோவைக்கும் இடையே ஓடத் தொடங்கிய வந்தே பாரத் போன்ற வண்டிகள் தலைக்கு மேலுள்ள 25,000 வோல்ட் கம்பியிலிருந்தே ஏ.சி.க்கும் மின்சாரம் எடுக்கின்றன. அறுந்துபோன கம்பியைத் திரும்பப் பிடித்துக்கொண்டார்கள் என்று சொல்லலாம். சாலையில் போகும் வண்டிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

நின்றுவிட்ட வண்டி

சாலை வண்டிகளின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1939-இல் அமெரிக்கப் பாக்கார்டு நிறுவனம் ஏ.சி. பொருத்திய காரை அறிவித்தது. எஞ்சினிலிருந்து ஒரு வார் நேரே அமுக்கியைச் சுழற்றியது. மின்சாரத்தை இடையில் நுழைக்கவே இல்லை. ஏ.சி.யை நிறுத்த வேண்டுமானால் எஞ்சினை அணைத்து, இறங்கிப்போய் வாரைக் கழற்ற வேண்டும்! ஏறத்தாழ அதே காலத்தில் பிரெடரிக் மெக்கின்லி ஜோன்ஸ் என்னும், தானே படித்துத் தேர்ந்த கறுப்பினப் பொறியாளர், லாரிகளில் இறைச்சியும் காய்கறியும் கெடாமல் செல்வதற்காகத் தனிச் சிற்றெஞ்சினோடு கூடிய குளிர்பதனப் பொறியை உருவாக்கினார். எரிபொருளால் ஓடும் இன்றைய கார்களும் பஸ்களும் பெரும்பாலும் இந்த இரண்டு வழிகளுள் ஒன்றைத்தான் பின்பற்றுகின்றன: ஓட்டும் எஞ்சினே குளிர்விப்பது, அல்லது குளிர்விப்பதற்கென்று இன்னொரு எஞ்சின்.

இரண்டிலும் எரிபொருள் எரிந்துகொண்டே இருக்க வேண்டும். வண்டி ஓடும்போது இதில் குறையில்லை. வண்டியை நிறுத்திவிட்டு உறங்குகிறவருக்கு?

நாமக்கல், சங்ககிரிப் பகுதி லாரி ஓட்டுநர்களின் வாழ்க்கையில் உறக்கம் என்பது பெரும்பாலும் கேபினுக்குள்தான். பகலெல்லாம் எஞ்சினுக்கு மேலே உட்கார்ந்து ஓட்டி, இரவில் அதே சூடான இரும்புக் கூட்டில் படுக்கிறார்கள். சன்னலைத் திறந்தால் கொசு; சரக்கு பற்றிய அச்சம் வேறு. மூடினால் புழுக்கம். அரைகுறைத் தூக்கத்தோடு விடியற்காலையில் ஸ்டியரிங்கைப் பிடிப்பவரின் கண் அயர்ந்தால் அவருக்கு மட்டுமா ஆபத்து? 3.5 டன்னுக்கு மேற்பட்ட எடைப்பிரிவுச் சரக்கு வண்டிகளில், 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் அனைத்திலும் ஓட்டுநர் கேபினுக்கு ஏ.சி. இருக்க வேண்டும் என்று மத்திய அரசு 2023 டிசம்பரில் விதி வகுத்தது. நல்ல விதி, வெகு நாட்களுக்கு முன்பே வந்திருக்க வேண்டிய விதி. ஆயினும் அந்த ஏ.சி. எஞ்சின் ஓடும்போது மட்டுமே குளிர் தரும். ஓட்டுநர் உறங்கும் வேளைக்கு அது வெட்டிவேர்த் தட்டியே.

இரவு முழுவதும் எஞ்சினைச் சும்மா ஓடவிட்டால் என்ன? கனரக லாரி எஞ்சின் நின்ற இடத்திலேயே ஓடும்போது மணிக்கு 2 முதல் 3 லிட்டர் டீசல் குடிக்கும். எட்டு மணி நேரத்திற்கு ஏறத்தாழ 20 லிட்டர். ஒரு லிட்டர் டீசலில் சுமார் 10 யூனிட் ஆற்றல் அடங்கியுள்ளது. கேபினைக் குளிர்விக்கத் தேவைப்படுவதோ இரவு முழுவதற்கும் ஐந்து யூனிட்டுக்கு உட்பட்ட மின்சாரம். ஐந்து யூனிட் வேலைக்கு இருநூறு யூனிட் எரிபொருளை எரிப்பது, கொசுவை அடிக்கப் பீரங்கி கொண்டுவருவதைப் போன்றது.

பணச் செலவை விடுங்கள். உயிர்ச் செலவும் இருக்கிறது. 2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரையில், சாலையோரம் நிறுத்தப்பட்டிருந்த ஒரு கேரவனுக்குள் இருவர் இறந்து கிடந்தனர். மின்னாக்கியின் புகையிலிருந்த கார்பன் மோனாக்சைடு தளத்தின் துளை வழியாக உள்ளே கசிந்ததே காரணம் என்று கோழிக்கோட்டிலுள்ள தேசியத் தொழில்நுட்பக் கழகத்தின் ஆய்வு காட்டியது. அந்த வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை. குருதியிலுள்ள ஹீமோகுளோபின் ஆக்சிஜனைப் பற்றுவதைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக இதைப் பற்றிக்கொள்கிறது. உறங்குகிறவர் விழிப்பதில்லை. ஏ.சி.க்காகக் கண்ணாடிகளை மூடி, எஞ்சினையோ மின்னாக்கியையோ ஓடவிட்டு உறங்கும் ஒவ்வொரு வண்டியிலும் இந்த ஆபத்து காத்திருக்கிறது. புகைக்குழாய் நன்றாக இருக்கிறது என்ற நம்பிக்கையில் யாரும் கண்ணயரக் கூடாது.

முதல் அரை நொடி

எரிக்காமல் குளிர்விக்க வேண்டுமானால் மின்கலம்தான் வழி. "வீட்டில் மின்தடைக்கு வைத்திருக்கிறோமே, அதே இன்வெர்ட்டரையும் பாட்டரியையும் வேனில் வைத்தால் போதாதா?" என்று பலரும் முயன்றார்கள். விசிறி ஓடியது, விளக்கு எரிந்தது, ஏ.சி.யைப் போட்டதும் இன்வெர்ட்டர் கூவிவிட்டு நின்றது. ஏன் என்பது கொங்கு நாட்டு உழவருக்குச் சொல்லாமலே விளங்கும்.

1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரு பஸ்ஸை ஓட்டித் தொழிலைத் தொடங்கிய ஜி.டி. நாயுடு, 1937-இல் டி. பாலசுந்தரத்தோடு சேர்ந்து இந்தியாவின் முதல் மின் மோட்டாரைக் கோவையில் செய்தார் என்பது இவ்வூர்த் தொழில் வரலாற்றின் முதல் பக்கம். அதற்கு ஐந்தாண்டுகள் முன்பு, 1932-இல், நீலகிரியின் பைக்காரா நீர்மின் நிலையம் மின்சாரம் தரத் தொடங்கியிருந்தது. மின்சாரம் ஆலைகளுக்கு வந்தது. பிறகு கிணற்று மேட்டுக்கும் வந்தது. கமலை ஏற்றம் இருந்த இடத்தில் பம்புசெட் உட்கார்ந்தது. கூடவே ஒரு தொல்லையும் வந்தது: பக்கத்துத் தோட்டத்தில் மோட்டாரைப் போட்டால் நம் வீட்டு விளக்கு ஒரு கணம் மங்கும். வோல்டேஜ் குறைந்த நேரத்தில் நம் மோட்டார் உறுமுமே தவிரச் சுழலாது; விட்டால் காயில் கருகிவிடும்.

நின்றிருக்கும் தூண்டல் மோட்டார் சுழலத் தொடங்கும் முதல் அரை நொடியில், ஓடும்போது எடுக்கும் மின்னோட்டத்தைப் போல ஐந்து ஆறு மடங்கு எடுக்கும். தோட்டத்துப் பெரிய மோட்டார்களுக்கு ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர் வைப்பது இதனால்தான். வீட்டு ஏ.சி.யின் அமுக்கியும் தூண்டல் மோட்டாரே. ஓடும்போது 5 ஆம்பியர் எடுப்பது தொடங்கும்போது 25 அல்லது 30 ஆம்பியர் கேட்கும். 230 வோல்ட்டில் அது 6 கிலோவாட்டைத் தாண்டும். பைக்காராவும் மேட்டூரும் பின்னால் நிற்கும்போது அரை நொடி 6 கிலோவாட் ஒரு பொருட்டன்று. பின்னால் நிற்பது ஒரே ஒரு பாட்டரி என்றால்? அதுவும் தெர்மோஸ்டாட் அமுக்கியை நிறுத்தி நிறுத்தித் தொடங்கும்போது, ஒவ்வொரு முறையும் இதே அடி விழும்.

இந்த முடிச்சை அவிழ்த்தவர்கள் வேன் கட்டுகிறவர்கள் அல்லர். ஜப்பானில் மின்கட்டணத்தைக் குறைக்க முனைந்தவர்கள். 1980-களின் தொடக்கத்தில் தோஷிபா நிறுவனம் வீட்டுக்குரிய 'இன்வெர்ட்டர் ஏ.சி.'யை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் உள்ளே ஒரு மின்னணுச் சுற்று, வரும் மாறு மின்னோட்டத்தை முதலில் நேர் மின்னோட்டமாக்கி, பிறகு வேண்டிய அதிர்வெண்ணில் மறுபடி மாறு மின்னோட்டமாக்கி மோட்டாருக்குத் தருகிறது. மோட்டார் மெல்லத் தொடங்கி மெல்ல வேகம் கூட்டும். அறை குளிர்ந்த பின் நின்றுவிடாமல் தணிந்த வேகத்தில் ஓடிக்கொண்டே இருக்கும். தொடக்க அடி மறைந்தது. ஒரு கிலோவாட் கேட்ட பொறி இரவில் பாதிக்கும் குறைவோடு நிறைவடையக் கற்றுக்கொண்டது. வேனில் வீட்டு ஏ.சி. சாத்தியமானதற்குப் பெருங்காரணம் இதுதான். வேன் மாறவில்லை, வீட்டு ஏ.சி. மாறியது.

வேடிக்கை என்னவென்றால், வேனிலுள்ள மின்கலத்தின் நேர் மின்னோட்டத்தை வெளியே ஓர் இன்வெர்ட்டர் 230 வோல்ட் மாறு மின்னோட்டமாக்க, ஏ.சி. அதை உள்ளே வாங்கியதும் மறுபடி நேர் மின்னோட்டமாக்கிக்கொள்கிறது. மூக்கைச் சுற்றி வளைத்துத் தொடும் வேலை. இந்தச் சுற்றலில் பத்து விழுக்காடாவது வீணாகும். லாரிகளுக்கென்று 24 வோல்ட்டிலேயே ஓடும் சிறு ஏ.சி.கள் இப்போது கிடைப்பது இதைத் தவிர்க்கத்தான்.

எடைக் கணக்கு

இனிப் பனிக்கட்டிக்குச் சொன்ன பழைய குறை, எடை. சராசரியாக 500 வாட் எடுக்கும் ஏ.சி. எட்டு மணி நேரம் ஓட 4 யூனிட் வேண்டும். இழப்புகளைச் சேர்த்தால் நாலரை. வீடுகளில் நாம் காணும் 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி ஈயப் பாட்டரியில் 1.8 யூனிட் அடங்கும். ஆனால் பாதிக்கு மேல் வடித்தால் அதன் ஆயுள் குன்றும். ஆகவே பயன்படுவது 0.9 யூனிட். ஐந்து பாட்டரிகள் தேவை. ஒவ்வொன்றும் 50 கிலோவுக்குக் குறையாது. கால் டன் ஈயத்தையும் அமிலத்தையும் சுமந்துகொண்டு ஊர் சுற்ற வேண்டும்.

1997-இல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்திலிருந்து பாதி, நஞ்சுண்டசாமி, குட்இனஃப் ஆகியோர் லித்தியம் இரும்பு பாஸ்பேட் என்னும் பொருளை மின்கலத்தின் நேர்முனையாகப் பயன்படுத்தலாம் என்று வெளியிட்டனர். முதல் இருவரும் இந்தியாவிலிருந்து சென்ற ஆய்வாளர்கள். மூன்றாமவர் 2019-இல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட ஜான் குட்இனஃப். இரும்பும் பாஸ்பேட்டும் மலிவானவை. சூடேறினாலும் எளிதில் தீப்பற்றாத உறுதி இப்பொருளுக்கு உண்டு. இவ்வகை மின்கலத்தில் பெரும்பகுதியை வடித்தாலும் கேடில்லை. அதே நாலரை யூனிட்டுக்கு ஏறத்தாழ 50 கிலோ போதும். ஐந்து பாட்டரி ஒன்றாகச் சுருங்கியதற்கு ஒப்பாகும்.

மின்கலத்தை மீண்டும் நிரப்புவது எப்படி? ஓடும்போது எஞ்சினோடு சுழலும் ஆல்டர்னேட்டர் நிரப்பலாம். ரயில் அச்சு டைனமோவின் அதே தத்துவம். கூரை மீது ஒரு கிலோவாட் சூரியத் தகடுகளை விரித்தால் கோவை வெயிலில் நாளொன்றுக்கு நான்கு யூனிட் வரை தரும். அது போக, தகட்டின் நிழல் கூரையைச் சூடேறாமல் காக்கிறது. இதைப் பலரும் கணக்கில் சேர்ப்பதில்லை. இரும்புக் கூரைக்கும் உட்பலகைக்கும் இடையே தடித்த வெப்பத்தடுப்பு வைப்பது எந்த மின்கலத்தையும்விட மலிவான குளிர்ச்சி.

கம்பியில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. ஒரு கிலோவாட்டை 230 வோல்ட்டில் அனுப்ப நாலரை ஆம்பியர் போதும்; 12 வோல்ட்டில் 83 ஆம்பியர் வேண்டும். கம்பியில் பிறக்கும் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடியைப் பொறுத்தது. வீட்டு வயரை வைத்து 12 வோல்ட் பாட்டரியை இணைத்தால் அது அடுப்பாகிவிடும். 48 வோல்ட் அடுக்கு அமைப்பது அறிவுடைமை. ரயில்வே 110 வோல்ட்டைத் தேர்ந்ததற்கும் காரணம் வேறல்ல. வீட்டு ஏ.சி.யின் செப்புக் குழாய்கள் அசையாத சுவருக்கென்று செய்யப்பட்டவை என்பதையும் மறக்கலாகாது. சாலையின் குலுக்கலில் அவை இணைப்புகளில் விரிந்து வாயு கசியும். ரப்பர்த் தாங்கியும் வளைவான குழாய்ச் சுருளும் வைத்து அதிர்வை விழுங்கச் செய்ய வேண்டும்.

இவ்வளவும் செலவு பிடிப்பவை. பிரசார வேனுக்கும் கேரவனுக்கும் தாங்கும்; ஒற்றை லாரியை வைத்துத் தவணை கட்டிக்கொண்டிருப்பவருக்குத் தாங்குமா என்பது ஐயம். அவருக்கு ரயில்வேயின் பழக்கமொன்று உதவக்கூடும். ஏ.சி. பெட்டிகள் புறப்படுவதற்கு முன் நிலையத்திலேயே நிற்கும் நேரத்தில், நடைமேடையோரத்து இணைப்பிலிருந்து மின்சாரம் கொடுத்து அவற்றைக் குளிர்வித்து வைப்பார்கள். வண்டி நிற்கும்போது கம்பியைத் தேடிப் போக வேண்டியதில்லை. நிற்கும் இடத்தில் கம்பி காத்திருக்கிறது. சங்ககிரியிலோ நாமக்கல்லிலோ நெடுஞ்சாலை ஓய்விடங்களிலோ லாரிகள் வரிசையாக நிற்கும் திடலில், வண்டிக்கொன்றாக 15 ஆம்பியர் பிளக் ஒன்றும் ஒரு மீட்டரும் கொண்ட கம்பத்தை நட்டால் போதும். மின்கலமும் தேவையில்லை, எஞ்சினும் ஓட வேண்டாம். கேபினில் முக்கால் டன் இன்வெர்ட்டர் ஏ.சி. ஒன்று, ஓர் இரவுக்கு நான்கு யூனிட், எரியாமல் மிஞ்சும் டீசல் 20 லிட்டர்.